எச்.பி.வி. பாடத்தை எங்கே படிப்பது? டர்பனில் இருந்து ஓர் ஒப்பீடு

ஆடி மாதம் சாட்ஸ்வொர்த் கோயிலில் கூழ் ஊற்றி முடிந்ததும் எல்லாரும் டம்ளரும் கையுமாக வெயில் தேடி நின்றோம். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆடி என்றால் குளிர்காலம். அரசு கிளினிக்கில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "டாக்டரம்மா, இந்த வருசம் எச்.பி.வி. பத்தி ஒழுங்கா ஒரு வகுப்பு படிச்சிடணும்னு இருக்கேன். ஆன்லைனா, சனிக்கிழமை பட்டறையா? எதுல போய் உட்காரட்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதே வாரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் இதையே கேட்டார். அப்புறம் குவாஸுலு நட்டாலின் வடக்கு மூலையில் சமூக சேவை ஆண்டு முடிக்கும் இளம் டாக்டர் ஒருவர், "அக்கா, இங்க சிக்னலே ஒழுங்கா இல்ல, நான் எங்க போய்ப் படிக்கிறது?" என்று கேட்டார். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத் தொடங்கி, அது நீண்டுபோய் இந்தக் கட்டுரை ஆகிவிட்டது.

கேள்வி சின்னதாகத் தெரியலாம். எச்.பி.வி. என்பது உடலுறவு வழியாகப் பரவி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருகிறது. இங்கே பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் இதுதான் முன்வரிசையில் நிற்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இது வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு. தடுக்க வழி கையில் இருக்கிறது. 2014-லேயே அரசுப் பள்ளிகளில் ஒன்பது வயது நிரம்பிய 4ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாக ஊசி போடத் தொடங்கினார்கள், பிறகு அதை 5ஆம் வகுப்புக்கு மாற்றினார்கள். ஆனாலும் படிவத்தில் கையெழுத்துப் போடாத பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியோடு முதலில் வந்து நிற்பது நம் மேசை முன்னால்தான்.

## ஒரு தோல்விக் கதை

நான் திருநெல்வேலியில் மருத்துவம் படித்து, கல்யாணமாகி இங்கே வந்து, பொது மருத்துவராக இருப்பவள். சில வருடங்களுக்கு முன் இணையத்தில் எச்.பி.வி. பற்றி ஒரு பாடம் முடித்தேன். கடைசித் தேர்வில் முழு மதிப்பெண். சான்றிதழை அச்செடுத்துக் கோப்பில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஆயா வந்தார் (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்). பேத்தியின் பள்ளிப் படிவம் அவர் கைப்பையில் நாலாக மடங்கி இருந்தது. அதை மேசையில் விரித்து வைத்தார். "பத்து வயசுப் பிள்ளைக்கு அந்த மாதிரி நோய்க்கு எதுக்கு ஊசி? எங்க வீட்டுப் பிள்ளைய என்னனு நினைச்சுட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியும். எதிர்ப்புப் பொருளின் அளவு இளவயதில் ஏன் கூடுதலாக வருகிறது, இந்த வைரஸின் வகை 16, 18 இரண்டும் சேர்ந்து எத்தனை சதவீதம் புற்றுநோய்க்குக் காரணம், எல்லாம் தெரியும். அத்தனையையும் சொன்னேன். ஆயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், படிவத்தைப் பழையபடி மடித்தார், ரத்த அழுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். படித்ததெல்லாம் தலையில் இருந்தது, வாய்க்கு வரவில்லை. எந்த வகுப்பு நல்லது என்று யார் கேட்டாலும் அந்த ஆயாவை நினைத்துக்கொண்டுதான் இப்போது பதில் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

திங்கட்கிழமை என்ன மாறும்? வகுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது, போன வாரம் செய்யாத ஒன்றைச் செய்வேனா? ஒரு கேள்விக்குப் பதில், ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தேய்த்தெடுத்துச் சோதிப்பது) எடுக்கும் கை, குளிர்பெட்டி அடுக்கும் முறை என்று எதுவாகவும் இருக்கட்டும். ஒன்றுமே மாறாது என்றால் அந்த வகுப்பு எனக்கு வேண்டாம்.

நம் ஊர்ப் பாடமா? வெளிநாட்டுப் பாடங்கள் பெரும்பாலும் எச்.ஐ.வி.யை ஒரு பத்தியில் தாண்டிவிடும். நமக்கு அது தினசரி வேலை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒரே ஊசி போதாது, குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். பரிசோதனையிலும் அப்படியே. இங்கே பொதுவாக முப்பது வயதில் தொடங்கிப் பத்து ஆண்டுக்கு ஒன்றாக மூன்று இலவச ஸ்மியர். எச்.ஐ.வி. இருந்தால் அது தெரிந்த அன்றே முதல் ஸ்மியர், பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாத பாடம் நமக்குப் பாதிப் பாடம்.

எந்த வருடத்துப் பாடம்? ஊசித் தவணை எண்ணிக்கையைப் பார்த்தால் பாடத்தின் வயது தெரிந்துவிடும். முதலில் மூன்று ஊசி என்றார்கள், பிறகு சிறுமிகளுக்கு இரண்டு. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரே ஊசியும் போதும் என்று ஏற்றுக்கொண்டது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத பாடம் இன்னும் இணையத்தில் உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

பாயிண்ட். தொடர்ந்து படிக்கிறோம் என்று காட்ட நாம் சேர்க்க வேண்டிய புள்ளி இது. டாக்டர்களுக்கு எச்.பி.சி.எஸ்.ஏ. (எங்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) கணக்கு வருடத்துக்கு 30, அதில் 5 மருத்துவ நெறி, மனித உரிமை, சட்டம் சார்ந்தது. ஒரு பாயிண்டின் ஆயுள் 24 மாதம். நர்ஸ்களுக்கும் மருந்தாளர்களுக்கும் வேறு கவுன்சில், வேறு கணக்கு. அதை அவரவர் கவுன்சிலில் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் அங்கீகார எண் இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. அழகான சான்றிதழ் எல்லாம் பாயிண்ட் தராது.

மறைமுகச் செலவு. கட்டணம் கண்ணுக்குத் தெரியும். கிளினிக்கை மூடிய நாள், பதிலுக்கு வைத்த டாக்டரின் சம்பளம், பெட்ரோல், டேட்டா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியாரிடம் கேட்ட கடன் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

அவசரக்காரர்களுக்கு ஒரு பட்டியல்:

| வழி | பலம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| இணையப் பாடம் | இலவசம், நம் நேரத்தில் படிக்கலாம் | மறதி, பழைய தகவல், டேட்டா | அடிப்படையைப் புதுப்பிப்பவர்களுக்கு |
| இதழ்க் கட்டுரை, கேள்வித்தாள் | உள்ளூர் விஷயம், கையோடு பாயிண்ட் | கேள்விக்காக மட்டும் படிக்கும் பழக்கம் | வருடக் கடைசியில் கணக்கு இடிப்பவர்களுக்கு |
| மாலைச் சொற்பொழிவு, விருந்து | நிபுணரின் அறிமுகம் | ஒருபக்கச் செய்தி | மேல்சிகிச்சைக்கு யாரிடம் அனுப்புவது என்று தெரியாதவர்களுக்கு |
| சனிக்கிழமைப் பட்டறை | கையும் வாயும் பழகும் | கட்டணம், ஒரு நாள் வருமானம் | ஸ்மியர் எடுப்பவர், பெற்றோரோடு பேசுபவர் |
| பள்ளியில் ஊசி போடும் குழுவோடு ஒரு நாள் | நிஜக் களம் | பெரும்பாலும் பாயிண்ட் இல்லை, அனுமதி வாங்கும் அலைச்சல் | புதியவர்களுக்கு, கிராமத்தில் இருப்பவர்களுக்கு |
| பல்கலைக்கழக நீண்ட படிப்பு | தொழிலே மாறும் | ஓரிரு வருடம் | கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) செய்யப் போகிறவர்களுக்கு |

## இணையப் பாடம்

என் கதையைப் படித்துவிட்டு இதை நான் திட்டுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடிப்படை மறந்துபோனவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. நம் சுகாதாரத் துறையின் நாலெட்ஜ் ஹப், உலக சுகாதார நிறுவனத்தின் பாடங்கள் இரண்டையும் இரவு பத்து மணிக்குமேல் சோபாவில் சாய்ந்துகொண்டே படிக்கலாம். பிரான்சின் லியோனில் இருக்கும் ஐ.ஏ.ஆர்.சி. என்ற புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கால்போஸ்கோபிப் படங்களை இலவசமாக வைத்திருக்கிறது. அசிட்டிக் அமிலம் தடவியபின் எது சாதாரண வெண்மை, எது சந்தேகப்பட வேண்டிய வெண்மை என்று கண்ணைப் பழக்க அந்தப் படங்களுக்கு ஈடு இல்லை.

பிரச்சினை இரண்டு. ஒன்று, "அடுத்து" பொத்தானை அழுத்திக்கொண்டே போகலாம். நானும் போயிருக்கிறேன், பக்கத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது, பாடம் எழுதியவர் மனதில் இருந்த நோயாளி வேறு ஊர்க்காரர். அமெரிக்கப் பாடம் அமெரிக்க அட்டவணையைத்தான் சொல்லும். அதை அப்படியே இங்கே வந்து சொன்னால், பள்ளியில் ஒன்று சொன்னார்கள், டாக்டர் வேறு சொல்கிறார் என்று தாய்மார் குழம்பிப் போவார்கள். அந்தக் குழப்பத்தில் ஊசியே போடாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இணையத்தில் படிப்பதாக இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், எழுதாமல், வாய் திறந்து வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். என் கணவர் கணக்காளர். அவர் கொட்டாவி விட்ட இடமெல்லாம் நான் திருத்த வேண்டிய இடம்.

## இதழ்க் கட்டுரையும் கேள்வித்தாளும்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர் மருத்துவ இதழ்களில் கட்டுரை படித்து, கேள்விக்குப் பதில் அனுப்பினால் பாயிண்ட் வரும். கட்டுரை நம் நாட்டைப் பற்றியதாக இருந்தால் நல்லது. நவம்பர் மாதத்தில் கணக்கு குறைகிறது என்று தெரிந்தால் கைகொடுக்கும். முதலில் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கட்டுரையில் பதிலைத் தேடுவது எல்லாரும் செய்வதுதான், ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. அப்படிப் படித்தது மண்டையில் தங்காது என்பதையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

## மாலைச் சொற்பொழிவு

உம்லாங்கா பக்கம் ஒரு ஓட்டல். வாசலில் மருந்து நிறுவனத்தின் பதாகை, உள்ளே குளிர்ந்த அறை, ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு நல்ல பிரியாணி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாயிண்ட். பேசுபவர் பெரும்பாலும் உண்மையிலேயே கெட்டிக்காரர்.

நான் போன ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிடமும் ஒரே வகை ஊசியின் புகழ்தான். அதிக வகை வைரஸைத் தடுக்கும் என்றார்கள், உண்மைதான். ஆனால் நம் பள்ளித் திட்டம் எந்த ஊசியோடு தொடங்கியது, அதன் பலன் என்ன என்று ஒரு வார்த்தை வரவில்லை. பின்வரிசையில் இருந்த நர்ஸ் ஒருவர், "அப்படின்னா ஸ்கூல்ல போடுறது வீணா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். இந்தக் கூட்டங்களின் மறைமுகச் செலவு அந்தக் கேள்விதான். நாளைக்கு அவர் அதே சந்தேகத்தோடு ஒரு தாயிடம் பேசுவார்.

வீண் இல்லை என்பதற்கு ஸ்காட்லாந்தே சாட்சி. நம் பள்ளித் திட்டம் தொடங்கியது வகை 16, 18 இரண்டை மட்டும் குறிவைக்கும் இருவகை ஊசியோடு. அங்கே 2008-ல் பள்ளிச் சிறுமிகளுக்குப் போடத் தொடங்கியதும் அதே ஊசிதான். 12, 13 வயதில் அதைப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடப் பரவும் நிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024 ஜனவரியில் வெளியான ஆய்வு சொன்னது. இதை நான் அந்த நர்ஸிடம் சொன்னபோது பிரியாணி வரிசை நகர்ந்துவிட்டது.

ஆனாலும் போகலாம். புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் பெரிய லாபம் ஆள் அறிமுகம். ஸ்மியர் முடிவு மோசமாக வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனையில் கால்போஸ்கோபிக்குக் காத்திருப்பு குறைவு என்பதெல்லாம் மேடையில் வராது, மேசையில்தான் வரும். பேச்சைக் கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பரிசோதனை பற்றி எத்தனை நிமிடம் பேசினார்? ஊசி போட்டவர்களுக்கும் பின்னால் ஸ்மியர் தேவை. அதைச் சொல்லாமல் முடித்தால் அது விற்பனைப் பேச்சு.

## சனிக்கிழமைப் பட்டறை

இதில்தான் எனக்கு ஓரவஞ்சனை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

நான் போன பட்டறையில் பதினெட்டுப் பேர். காலை முழுவதும் ரப்பர் மாதிரியில் ஸ்மியர். "இருபது வருசமா எடுக்கிறேன், இதுல என்ன புதுசா?" என்று ஒரு மூத்த சிஸ்டர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். பயிற்சியாளர் முதலில் கண்ணாடித் தகட்டின் மங்கலான முனையில் பென்சிலால் பெயர் எழுதச் சொன்னார். பேனா மை சாயக் கரைசலில் கரைந்து போய்விடும், பென்சில் போகாது. பிறகு மரக் குச்சியை முழு வட்டம் சுற்றி எடுத்து, தகட்டில் ஒரே இழுப்பாகத் தேய்த்து, உடனே நிலைப்படுத்தும் ஸ்ப்ரே. மூத்த சிஸ்டர் குச்சியைக் குப்பையில் போட்டு, கையுறையைக் கழற்றி, அப்புறம்தான் ஸ்ப்ரேயை எடுத்தார். பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அந்தச் சில நொடியில் தகடு காற்றில் காய்ந்தால் செல்கள் ஊதிக் குலைந்து, ஆய்வகத்திலிருந்து "போதுமானதாக இல்லை" என்று திரும்பி வரும். அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட வேண்டும். இரண்டு டாக்ஸி (இங்கே அது பலர் சேர்ந்து ஏறும் வேன்) மாறி வந்தவர் மறுபடி வருவாரா? மூத்த சிஸ்டர் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து வலது கைப் பக்கம், திறந்த மூடியோடு, நகர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு முனகவில்லை.

மதியம் பேச்சுப் பயிற்சி. ஒருவர் தாய், ஒருவர் நர்ஸ், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பவர். "ஊசி போடலாமா, என்ன நினைக்கிறீங்க?" என்று தொடங்குவதைவிட, "இன்னிக்கு உங்க பொண்ணுக்குப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுற நாள்" என்று தொடங்கினால் பெற்றோர் சம்மதிப்பது கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலில் எனக்கு அது கொஞ்சம் திணிப்பாகப் பட்டது. செய்து பார்த்தபோது புரிந்தது, கேள்வி கேட்கும் உரிமை தாயிடமே இருக்கிறது, நான் தயங்குவதுதான் குறைகிறது.

பாதிப் பேர் ஸுலு மொழியில் பயிற்சி செய்தார்கள். கர்ப்பப்பை வாயை அவர்கள் உம்லோமோ வெசிபெலெதோ என்கிறார்கள், கருப்பையின் வாய். அப்படியே நம் சொல்தான். எனக்கு அந்த நிமிடம் ஒரு வெட்கம், இத்தனை வருடமாக இந்தச் சொல்லை ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையே என்று.

அந்த ஆயாவின் கேள்வியை நான் அங்கே போட்டேன். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். கடைசியில் எனக்குப் பிடித்தது இது: "பத்து வயசுல உடம்பு இந்த ஊசிய நல்லாப் பிடிச்சுக்கும், ஆயா. பெரியவளானப்புறம் போட்டா இந்தப் பலன் வராது. புற்றுநோய் வராம இருக்கத்தான் போடுறோம்." இவ்வளவுதான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாயை மூடுவதற்குத்தான் எனக்கு நாலு முறை பயிற்சி தேவைப்பட்டது.

செலவு உண்டு. கட்டணம், பெட்ரோல், அந்தச் சனிக்கிழமையின் வருமானம். என் தொழிலில் சனிக்கிழமைதான் கூட்டம் வரும் நாள். கூட்டிப் பார்த்தால் இணையப் பாடத்தைப்போலப் பல மடங்கு. பட்டறை என்று பெயர் வைத்துவிட்டு நாள் முழுக்கத் திரையைக் காட்டும் இடங்களும் உண்டு. பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சிக்கு எவ்வளவு நேரம்? பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள்.

## பள்ளிக் குழுவோடு ஒரு நாள்

இதை யாரும் வகுப்பு என்று கணக்கில் எடுப்பதில்லை. அனுமதி கேட்டு இரண்டு மூன்று தொலைபேசி அழைப்பு செய்ய வேண்டும், பாயிண்டும் பெரும்பாலும் கிடைக்காது. எனக்குத் தெரிந்து இதைவிட வேகமாகக் கற்றுத்தரும் இடம் இல்லை.

காலை ஆறரைக்குக் குளிர்பெட்டி அடுக்குவதில் தொடங்குகிறது. எச்.பி.வி. ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது, உறைந்தால் பலன் போய்விடும். ஐஸ்பேக்கை உறைபெட்டியில் இருந்து எடுத்த கையோடு உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் மருந்து உறைந்துவிடலாம். அதனால் வெளியே வைத்துக் காத்திருப்பார்கள். குழுவின் சிஸ்டர் ஒவ்வொன்றாகக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால்தான் பெட்டிக்குள். "வெப்பமானி பொய் சொன்னாலும் காது பொய் சொல்லாது" என்றார். வெப்பமானியையும் பார்த்தார் என்பது வேறு விஷயம்.

பள்ளியில் முதல் வேலை படிவங்களைப் பிரிப்பது. பையின் அடியில் நசுங்கி வந்தது, கையெழுத்து இல்லாதது, "இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதியது என்று மூன்று குவியல். இங்கே சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி 12 வயதைத் தாண்டிய, புரிந்துகொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். 5ஆம் வகுப்பில் பெரும்பாலும் அந்த வயது ஆகியிருக்காது, ஆகவே பெற்றோர் கையெழுத்து. டாக்டர்களுக்கு அந்த 5 நெறிமுறைப் பாயிண்ட் எப்போதும் இடிக்கும் இடம். சிறார் சம்மதம் பற்றிய அங்கீகாரம் பெற்ற வகுப்பு கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள், இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

பிறகு வரிசை. வகுப்பிலேயே தைரியமான பிள்ளையை முதலில் கூப்பிடுகிறார்கள். ஊசி போடும் நாற்காலி வரிசையின் கண்ணில் படாமல் தடுப்புக்குப் பின்னால். போட்டபின் பதினைந்து நிமிடம் உட்கார வைக்கிறார்கள், இந்த வயதில் மயக்கம் வருவது சகஜம். ஒரு பிள்ளை விழுந்தால் அடுத்த மூன்று பிள்ளைகளுக்கும் தலை சுற்றும், மாலைக்குள் ஊர் முழுக்க "ஊசி போட்டுப் பிள்ளைங்க விழுந்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் போய்விடும். ஒரு நாற்காலியை எங்கே போடுவது என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று எந்தத் திரைப்பாடமும் எனக்குச் சொன்னதில்லை.

## நீண்ட படிப்பு

கால்போஸ்கோபி செய்யப் போகிறேன், மாவட்டத்தில் திட்டத்தை நடத்தப் போகிறேன் என்பவர்களுக்கு மட்டும். மேற்பார்வையோடு எண்ணிக்கை வைத்துச் செய்து பழக வேண்டிய வேலை அது. சும்மா பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து சேர்ப்பதற்காக என்றால் அந்த இரண்டு வருடத்தைக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

## பட்டியலில் இல்லாத ஒன்று

எங்கள் கிளினிக்கில் புதன்கிழமை மதியம் அரை மணி நேரம் கதவை மூடிவிட்டுப் பேசுகிறோம். நான், நர்ஸ், வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், சில நேரம் பக்கத்து மருந்துக் கடைக்காரர். ஒருவர் ஒரு கேள்வி கொண்டு வர வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் வாங்கவில்லை, பாயிண்ட் இல்லை, செலவு சமோசா மட்டும்.

ஆரம்பித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. ஊசி பற்றிய கேள்விகளில் பாதி என்னிடம் வருவதே இல்லை. தொலைபேசியை எடுக்கும் அந்தப் பெண்ணிடம் முடிந்துவிடுகின்றன. "பிள்ளை பிறக்காதாமே, நெசமா?" என்று யாரோ கேட்டதற்கு அவர் முன்பெல்லாம், "எனக்குத் தெரியல, நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எத்தனை வருடமாகவோ! இப்போது, "இல்லம்மா, இந்த ஊசியால அப்படி எதுவும் ஆகாது, டாக்டர்கிட்ட பேசுறீங்களா?" என்கிறார். பயிற்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் யாரும் வரவேற்பு மேசையைக் கணக்கில் எடுத்து நான் பார்த்ததில்லை.

## சரி, மூன்று பேருக்கும் என்ன சொன்னேன்

சிஸ்டருக்குப் பட்டறை. அவர் தினமும் ஸ்மியர் எடுக்கிறார், தினமும் தாய்மாரோடு பேசுகிறார், கிளினிக்கில் விடுப்பும் கிடைக்கும். இணையப் பாடத்தை அதற்கு முந்தைய வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன், அப்போதுதான் காலை நேரம் அடிப்படைக் கேள்விகளில் வீணாகாது. "சனிக்கிழமை வீட்ல யார் சமைப்பா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மருந்துக் கடைத் தம்பிக்கு இணையப் பாடமும் மாலைக் கூட்டமும் போதும். அவர் மேசையில் வருவது வேறு கேள்விகள்: பையனுக்கும் போடலாமா, முப்பது வயதில் போட்டால் பலன் உண்டா, எந்த வகை வாங்குவது. இவற்றுக்கெல்லாம் ஊசி வகைகளின் வித்தியாசம் அத்துப்படியாக இருக்க வேண்டும். நிறுவனக் கூட்டத்துக்குப் போகும்போது பள்ளி ஊசி பற்றி ஒரு கேள்வியைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொண்டு போகச் சொன்னேன். எல்லார் முன்னாலும் எழுந்து கேட்க வேண்டும், அதுதான் என் நிபந்தனை.

வடக்கு மூலை டாக்டருக்கு எந்த வகுப்பும் சொல்லவில்லை. டர்பன் வந்து போக அவருக்கு ஒரு முழு வார இறுதி போய்விடும். வாரத்தில் ஒரு நாள் சிக்னல் இருக்கும் இடத்தில் கட்டுரைகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்ப் பள்ளிக் குழு புறப்படும் காலையில் போய்க் குளிர்பெட்டி தூக்குங்கள், ஸுலு பேச்சு தானாக வரும் என்று எழுதினேன். எச்.ஐ.வி. மாத்திரைக்கு வரும் பெண்களின் அட்டையில் கடைசி ஸ்மியர் தேதியைப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

பதில் வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி, நாலு நொடி. பேச்சே இல்லை. தண்ணீர் குலுங்கும் சத்தம் மட்டும்.